பென்சிலால் தோண்டிய ஏரி

லுவாங்வா ஆற்றின் மேற்குக் கரையில், ஒற்றை ஆளாக, ஒரே பகலில், ஒரு பென்சிலால் ஏரி தோண்டியவர் லாமெக் சிசங்கா. நீளம் முக்கால் மைல். ஆழம், ஆண் நீர்யானை நின்றால் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற அளவு. தோண்டி முடித்த கையோடு நாற்பத்து மூன்று நீர்யானைகளையும் அதில் இறக்கிவிட்டார். அவற்றில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருந்தது.

இது ஊரார் கட்டிவிட்ட கதை இல்லை. லாமெக்கே தன் வாயால் கல்யாண வீட்டிலும் கள்ளுப் பானையைச் சுற்றியும் பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தது. நடைச் சஃபாரி நடத்தும் கம்பெனி ஒன்றில் வழி வகுப்பது அவர் வேலை. அவர் காதுக்குள் முயலாகப் போனது வாய்வழியாக யானையாகத்தான் வெளியே வரும் என்பது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஆகவே கேட்டவர்கள் நம்பினதுபோல் தலையாட்டிவிட்டு, "அந்தக் காதை எப்படிண்ணே கிழிச்சே?" என்று மேலும் கிளப்பிவிடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தொடையைத் தட்டி, "பொய்! பச்சைப் பொய்!" என்று எழுந்து நிற்பார். அவர் பெயர் ஜைரஸ் சோக்கோ. கம்பெனியின் சாமான் கொட்டடிக்குக் காவல். மாவு மூட்டை எண்ணுகிறவர்.

வேடிக்கை என்னவென்றால், லாமெக் அளந்த ஆயிரம் கதைகளில் நிஜமானது இது ஒன்றுதான். அதைவிடப் பெரிய வேடிக்கை, அது பெருமைக்காகச் சொன்ன கதையே இல்லை. சோக்கோவிடம் மன்னிப்புக் கேட்பதற்காகச் சொன்னது.

ஏன் நம்பவில்லை என்றால், அதற்கும் காரணம் உண்டு. சிசங்கா பெம்பா இனம், சோக்கோ ங்கோனி இனம். இரண்டு இனத்து முப்பாட்டன்மாரும் ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். கை ஓய்ந்ததும், பேரன்மார் வாயால் குத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கேலிமுறை. இவனை அவன் குரங்கு தின்னி என்பான். அவனை இவன் எலி தின்னி என்பான். சாவு வீட்டில்கூட விலக்கு இல்லை. முறைக்காரன் போய்க் குழிக்குள் படுத்துக்கொண்டு, கோழி கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம் பிடிப்பான். அழுதுகொண்டிருக்கிற விதவையே சிரித்துவிடுவாள். சட்டம் ஒன்றே ஒன்று: முறைக்காரன் சொன்னதற்குக் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன். கோபப்படக் கூடாது என்றால், அவன் சொன்னதை நம்பவும் கூடாது என்றுதான் பொருள்.

ஆக, உலகத்தில் லாமெக் எந்த மனிதனிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டுமோ, அந்த மனிதனிடம் மட்டும் அவரால் உண்மை சொல்ல முடியாது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மழை ஓய்ந்த மே மாதத்தில், ஆறு நாள் நடைக்கு வழி வகுக்க லாமெக்கை எட்டு நாள் அனுப்பினார்கள். வழி வகுப்பது என்றால் காகிதத்தில் கோடு இழுப்பதல்ல. காலையில் நடந்து முடிக்கிற தூரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எருமை எந்த மேட்டில் படுக்கிறது, தேநீருக்கு உட்கார நிழல் எங்கே, இரவுக்குத் தண்ணீர் எங்கே, அத்தனையும் காலால் அளக்க வேண்டும். அதிலும் மே மாதத்துத் தண்ணீர் மினுக்கிக் காட்டி ஏமாற்றும். அதை அக்டோபர் கண்ணால் பார்க்கத் தெரிய வேண்டும். அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கில் நிழல்கூட நிழல் தேடி அலையும்.

ஐந்து முகாம் இடங்களை லாமெக் ஒழுங்காகத்தான் பார்த்தார். ஆறாவதற்குப் போகும் வழியில், காட்டு எல்லைக்கு வெளியே, மைத்துனி வீட்டு வகையில் ஒரு கல்யாணம். கேழ்வரகுக் கள் வைத்திருந்தார்கள். அந்தக் கள்ளின் குணம், பானையில் வெந்நீர் ஊற்ற ஊற்ற ஊறிக்கொண்டே இருக்கும். நாணல் குழாயை வாயில் வைத்தவன் எடுக்க மாட்டான். வெந்நீர் தீரும்போது, மிச்சமிருந்த இரண்டு நாளும் தீர்ந்திருந்தது. திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பென்சிலைச் சீவினார். ஆறு வளைந்திருந்த வளைவைப் பார்த்தால் அங்கே ஒரு ஏரி இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. வரைந்தார். சும்மா வரைந்தால் நம்ப மாட்டார்களே என்று நீர்யானை எண்ணிக்கை எழுதினார். நாற்பது என்றால் சந்தேகம் வரும். நாற்பத்து மூன்று என்றால் எண்ணிப் பார்த்தவன் என்று தெரியும். அதற்கும் மேலே கிழிந்த காது. பழைய முதலாளி அந்தக் காதைப் படித்துவிட்டு, "இதுதான்யா வேலை" என்று தோளில் தட்டினார். வரைபடத்தில் அந்த இடத்துக்கு லாமெக் ஏரி என்றே பெயர் அச்சடித்தார்கள்.

அக்டோபரில் நான்கு விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தவர், அப்போது வழிகாட்டியாக இருந்த சோக்கோ. அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவரைப்போல வழி தெரிந்தவர் கிடையாது. யானை வழி தவறினால் அவரிடம்தான் வந்து கேட்கும் என்பார்கள். ஆறாம் நாள் பிற்பகல் வரைபடம் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். சுற்றினார், வளைந்தார், பொழுது சாயும்வரை ஏரியைத் தேடினார். கடைசியில், செத்தும் விழாமல் நின்றிருந்த ஓர் இரும்புக்கட்டை மரத்தடியில் எல்லாரையும் படுக்க வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டால் இடுப்பளவு தோண்டினார். ஈரம்கூட இல்லை. விருந்தாளிகளில் எழுபது வயது அம்மாள் ஒருவர், மிஸ் பெவன், பள்ளிக்கூடத்து டீச்சர். விடியும்போது பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். காலையில் யானைகள் மணலாற்றில் தோண்டி வைத்திருந்த குழி ஒன்று கண்ணில் பட்டதால் உயிர் பிழைத்தார்கள். டீச்சர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து ஊருக்குப் போனார்.

முகாம் மாமரத்தடியில் விசாரணை. பழைய முதலாளி வரைபடத்தை விரித்துவைத்துக் கேட்டார்: "லாமெக், ஏரி அங்க இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

முப்பத்தொரு வருடச் சேவகத்தில் லாமெக் எதையும் கூட்டாமல் ஒற்றைச் சொல்லில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சோக்கோ அவரை நிமிர்ந்து பார்த்தார். நம்பினார். "அப்ப நாந்தான் தவறவிட்டிருக்கேன்" என்றார். துப்பாக்கியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே கொட்டடிக்குப் போனார். அன்றிலிருந்து முகாம் வேலியைத் தாண்டி ஒருநாளும் யாருக்கும் முன்னால் நடக்கவில்லை. சந்தைக்குப் போனால்கூட மனைவிக்குப் பின்னால்தான்.

ஒரு மாதம் கழித்து லாமெக் கொட்டடிக்குப் போய், வியர்த்து வழிய, "மச்சான், அங்க ஏரியே கிடையாது, நான் வரைஞ்சது" என்று சொன்னார். சோக்கோ மூட்டைமேல் விழுந்து சிரித்தார். "குரங்கு தின்னி! எனக்கு ஆறுதல் சொல்ல வந்தியா, இல்ல என்னை முட்டாளாக்க வந்தியா?" லாமெக்கும் சேர்ந்து சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எமன். அதற்கப்புறம் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் மசாலா சேர்த்தார்; பானை இரண்டு இருபதாயிற்று. நம்ப மாட்டான் என்று தெரிந்துகொண்டே சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகுமா என்ற கேள்வி, சபை முழுக்கக் கைதட்டிச் சிரிக்கும்போது, அவரை எலிபோலப் பிறாண்டும். வருடாவருடம் அவருக்குச் சம்பளம் ஏறியது, நாற்காலி வந்தது, அறை வந்தது. வழி தெரிந்த சோக்கோ மூட்டைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.

இந்த வருடம் டிசம்பரோடு லாமெக்குக்கு ஓய்வு. மே மாதம் பிறந்ததும் புது மேலாளர் சூல்வே பழைய காகிதக் கட்டோடு கொட்டடிக்கே வந்துவிட்டாள்; லாமெக்கும் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, தானும் துப்பாக்கி தூக்கி நடந்து பழகியவள், ஒரு தடவை சொன்னால் இரண்டாம் தடவை சொல்ல மாட்டாள்.

"லாமெக் ஐயா, இந்த ஆறு நாள் வழிய மறுபடி திறக்கலாம்னு இருக்கேன். அக்டோபருக்கு எட்டுப் பேர் வர்றாங்க. உங்க பேர்லயே ஒரு ஏரி இருக்கு, பத்தொம்பது வருஷமா ஒருத்தரும் போகலியே, ஏன்?"

"அம்மா, அங்க ஏரி இல்லம்மா. அத நான் பென்சிலால..."

"அந்தக் கதையத்தான் என் கல்யாணத்துலயே சொன்னீங்களே. எங்க மாமியாரு சிரிச்சுச் சிரிச்சு பல்செட்டு கழண்டு விழுந்துச்சு." சூல்வே திரும்பினாள். "சோக்கோ ஐயா, நீங்களும் வரணும்."

சோக்கோவின் கை மூட்டைமேல் நின்றது. "நான் எதுக்கும்மா? நான் மூட்டை எண்றவன்."

"ஏரி எங்க இல்லன்னு உங்களுக்குத்தான தெரியும்? மிச்ச இடத்துல தேடிக்கலாம்."

லாமெக் எதிர்பார்த்தது, சோக்கோ மாட்டேன் என்பார் என்று. ஆனால் அவர் உள்ளே போய் ஒரு பழைய தொப்பியைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "சாகறதுக்குள்ள அத ஒரு தடவ பாத்துடறேன். பாத்துட்டா, எந்த இடத்துல திரும்பாம விட்டேன்னாவது தெரியும்ல."

லாமெக்குக்கு ஒரு கோழைத்தனமான நிம்மதி வந்தது. போகட்டும். அங்கே காய்ந்த புல்தான் இருக்கும். தன்னால் சொல்ல முடியாததை அந்த மண் சொல்லிவிடும்.

மூன்று பேரும் நடந்தார்கள். துப்பாக்கி சூல்வேயின் தோளில். நடுவில் லாமெக், நோட்டும் பென்சிலுமாக. கடைசியில் சோக்கோ, தேநீர்க்காரன் இடத்தில், கெட்டிலைத் தூக்கிக்கொண்டு. செட்சி ஈ ஒவ்வொன்றும் புறா அளவு. சட்டையோடு சேர்த்துக் கடித்தது. முதல் நான்கு முகாமுக்கு ஆற்றோர நிழலும் தண்ணீரும் குறை சொல்ல முடியாதவை. சூல்வே காலடி எண்ணி எண்ணி எழுத வைத்தாள். "இந்த மேட்டுல கூடாரம் வேண்டாம், எருமைத் தடம் குறுக்க போகுது." "இங்க தேநீர். அக்டோபர்ல இந்த மரம் இலை விடும்." சோக்கோ பின்னாலிருந்து வாய் திறக்கவில்லை. ஆனால் சூல்வே ஓரிடத்தில் தயங்கும்போது அவருடைய தாடை தன்னையறியாமல் சரியான பக்கம் திரும்புவதை லாமெக் பார்த்தார். பார்த்துவிட்டு, எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் காலைத் தேநீர். சோக்கோ மூன்று கோப்பையிலும் ஊற்றினார்.

"எலி தின்னி ஊத்தின டீ. வால் எதும் மிதக்குதான்னு பாத்துக் குடிங்கம்மா," என்றார் லாமெக், பழக்கத்தில்.

"உனக்கு வால் இருக்கறதால எல்லாத்துலயும் வால் தெரியுது மச்சான். உன் சாவுக்கு வர்றேன் பாரு. குழியில இறங்கிப் படுத்துட்டு ரெண்டு கோழி கேப்பேன். ஒண்ணு உனக்காக, ஒண்ணு உன் நாற்பத்து மூணு பிள்ளைங்களுக்காக."

"அன்னிக்கு ராத்திரி நிஜமா என்னதான் நடந்துச்சு, ஐயா?" என்றாள் சூல்வே. பத்தொன்பது வருடத்தில் யாரும் சோக்கோவிடம் அதைக் கேட்டதில்லை.

சோக்கோ கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன நடந்துச்சு. கெட்டில் இருந்துச்சு, தண்ணி இல்ல. கைப்பிடி போயி, வேட்டைக்காரங்க வைக்கிற சுருக்குக் கம்பிய வளைச்சு நானே பிடி போட்ட கெட்டில். மூணு முடிச்சு. அந்த டீச்சரம்மா கேக்குது, மிஸ்டர் சோக்கோ, டீ போட மாட்டீங்களான்னு. தமாஷா கேக்குது பாவம், உதடு வெடிச்சிருக்கு. எனக்குத் தாங்கல. கெட்டில அந்தச் செத்த மரத்துல ஒரு முறிஞ்ச கிளையில மாட்டினேன். ஏரி வந்தா நீயே மொண்டு குடின்னு அதுகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

சூல்வே சிரிக்கவில்லை. லாமெக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஜைரஸ். கேலி இல்ல. கேளு. அந்த ஏரி கிடையாது. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல."

சோக்கோ கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். என்ன தேடினாரோ. பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மா, பாத்தியா? ஏரிக்கு ஒரு நாள் தூரத்துல வச்சுச் சொல்றான் பாரு! குரங்கு தின்னிங்கள்லயே ராஜா இவன்தான்!"

"நாளைக்குப் பாப்ப," என்றார் லாமெக். "நாளைக்கு நீயே பாப்ப, காஞ்ச புல்ல."

மறுநாள் பத்து மணிக்கு, மோப்பானே மரங்களுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிழவர்கள் கூட்டமாக உட்கார்ந்து யாரையோ பரிகாசம் செய்வதுபோல. லாமெக்குக்கு அந்தச் சத்தம் தெரியும். நீர்யானைகள்.

மரங்கள் விலகின. தண்ணீர்.

முக்கால் மைல் நீளம். ஆற்றின் வளைவை ஒட்டி, அவர் பென்சில் வளைந்த அதே வளைவில். கரையில் பூக்கு மான்கள், நடுவில் பாறைபோலப் பாறைபோல முதுகுகள். சோக்கோ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டி எண்ணினார். மூட்டை எண்ணிப் பழகியவர், எண்ணிக்கை தப்பாது.

"முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு." கொஞ்சம் பொறுத்து, தாராளமாக, "ரெண்டு முங்கியிருக்கும்," என்றார். "கிழிஞ்ச காதுக்காரன் அதோ."

தொப்பியைக் கழற்றினார். கரை மண்ணில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இருந்திருக்கு," என்றார். "இங்கதான் இருந்திருக்கு. நான் கண்ணு தெரியாம தாண்டிப் போயிருக்கேன்."

"இல்ல மச்சான்..."

"நீ அந்தக் கதையச் சொல்லும்போதெல்லாம் பொய் பொய்னு கத்துவேன்ல. உள்ள ஒரு மூலையில, இவன் சொல்றது நிஜமா இருந்துடக் கூடாதான்னு ஒரு ஆசை. நிஜமா ஏரி இல்லன்னா, நான் தப்புப் பண்ணலன்னு ஆயிடும்ல. சத்தமாக் கத்தினா அந்த ஆசை அடங்கும்னு கத்துவேன்." தொப்பியால் முகத்தைத் துடைத்தார். "சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு. அந்த அம்மாவ நாந்தான் கொல்லப் பாத்திருக்கேன்."

சொன்ன பொய் காலப்போக்கில் மறையும், மங்கும், மன்னிக்கப்படும் என்று லாமெக் கேட்டிருக்கிறார். பொய் தண்ணீர் பிடித்து, நீர்யானை வளர்த்து, சாட்சி சொல்ல வந்து நிற்கும் என்று கேட்டதில்லை. அவர் கரையில் அங்குமிங்கும் ஓடினார். நாற்பத்தொரு நீர்யானைகளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு, "இங்க ஏரி இல்ல! இங்க ஏரியே கிடையாது!" என்று கத்தினார். நீர்யானைகள் மூக்கால் பெருமூச்சு விட்டு மறுபடி சிரித்தன. நிஜமான ஏரியின் கரையில் நின்று ஏரியே இல்லை என்று சத்தியம் செய்கிற மனிதனைப் பார்த்தால், நீர்யானைக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

"உக்காரு மச்சான்," என்றார் சோக்கோ, அன்பாக. அந்த அன்புதான் லாமெக்கைக் கொன்றது. "எனக்காக நீ இவ்வளவு தூரம் நடிக்க வேண்டாம்."

சூல்வே இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, ஒரு நிமிஷம். தண்ணிக்குள்ள மோப்பானே நிக்குது பாருங்க. மோப்பானே தண்ணியில முளைக்காது. பட்டை இன்னும் உரியல. மூழ்கிச் செத்து மூணு, நாலு வருஷந்தான் இருக்கும்." ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே கரை உடைந்து, வெள்ளை மணல் நாக்குப்போல ஏரிக்குள் நீண்டிருந்தது. "நாலு வருஷத்துக்கு முன்னால பெருவெள்ளம் வந்துச்சுல்ல? ஆறு அப்பத்தான் உடைச்சிருக்கு."

"ஆறு நெனச்சா எங்கயும் உடைக்கும்," என்றார் சோக்கோ. "அதுக்கு முன்னாடியும் தண்ணி நின்னிருக்கலாம். நீ சின்னப் பொண்ணு, என்னைத் தேத்தப் பாக்காத."

ஏரிக்கு நடுவே ஒரு மரம் தனியாக நின்றது. மற்ற மரங்களைப்போல நேற்றுச் செத்ததல்ல. நூறு வருடம் முன்னால் செத்து, விழ மறந்துவிட்ட மரம். கோடரி போட்டால் கோடரிதான் உடையும். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முறிந்த கிளை. அதில் ஏதோ கறுப்பாகத் தொங்கியது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நீர்யானை ஒன்று பக்கத்தில் தும்மியதும் காகம் எழும்பிப் பறந்தது. கறுப்பு அசைந்தது. வெயிலில் கம்பி மின்னியது.

சோக்கோ எழுந்தார். சூல்வே தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்தாள். வெகுநேரம் பார்த்தார். அவர் உதடு எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்று முடிச்சு.

"கைக்கு எட்டின உயரத்துலதான் மாட்டினேன்," என்றார், யாரிடமோ. "காலு தரையில இருந்துச்சு. தரை இருந்துச்சு."

தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தார். சுள்ளி பொறுக்கினார், தீ மூட்டினார், ஏரியில் இறங்கிக் கெட்டிலில் தண்ணீர் மொண்டு வந்து வைத்தார். கொதித்தது. சூல்வேக்கு ஒரு கோப்பை ஊற்றினார். தனக்கு ஒன்று ஊற்றினார். மூன்றாவது கோப்பை கட்டைமேல் கவிழ்த்தபடியே இருந்தது.

லாமெக் அந்தக் கோப்பையைப் பார்த்தார். முறைக்காரனுக்குத் தேநீரில் உப்புப் போடலாம், எலி வால் போடலாம். கொடுக்காமல் இருப்பது கேலிமுறையில் கிடையாது. அது கேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே போகத்தான் பத்தொன்பது வருடமாகப் பயந்து, சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். இப்போது வந்து சேர்ந்தாயிற்று.

"நான் வரல, ஜைரஸ்," என்றார். "கல்யாண வீட்ல கள்ளு குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். வரைஞ்சு குடுத்தேன். முதலாளி கேட்டப்ப, உன் முன்னாலயே, இருக்குன்னேன்."

நெருப்பு வெடித்தது. சோக்கோ திரும்பவில்லை.

"எத்தனை பானை?"

"ரெண்டு."

"இருபதுன்னுல்ல சொல்லுவ?"

"ரெண்டுதான்."

சோக்கோவின் முதுகு அதைக் கேட்டதும் ஒருமுறை இறங்கி ஏறியது. லாமெக் சிசங்கா வாயிலிருந்து ஓர் எண் சின்னதாகிக் கீழே விழுவதை அந்தப் பள்ளத்தாக்கில் எவரும் கேட்டதில்லை.

"அந்த அம்மா பேரு?"

"மிஸ் பெவன். வருஷா வருஷம் அக்டோபர் வந்தா ஞாபகம் வரும். வேண்டாம்னாலும் வரும்."

"எனக்கு அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல," என்றார் சோக்கோ. "மாவு மூட்ட தூக்கும்போதெல்லாம் வரும்."

தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கழுவினார். தொப்பியைத் தலையில் வைத்து, நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கவிழ்ந்த கோப்பை கவிழ்ந்தபடியே இருந்தது, லாமெக்கும் கேட்கவில்லை. பிறகு சோக்கோ லாமெக்கின் மடியிலிருந்த நோட்டையும் பென்சிலையும் எடுத்துச் சூல்வேயிடம் நீட்டினார்.

"எழுதும்மா. அக்டோபர்ல அந்த எட்டுப் பேருக்கு முன்னால நடக்கறது ஜைரஸ் சோக்கோ. எழுதிட்டியா? இதுக்குக் கெட்டில் ஏரின்னு பேரு போடு; பழைய பேர அடிச்சிடு. அடுத்ததா இதயும் எழுது, சாட்சி கையெழுத்து நான் போடறேன்." தண்ணீருக்கு நடுவே நிற்கிற மரத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைத்தார். "இந்த ஏரிய லாமெக் சிசங்கா பென்சிலால தோண்டினான். நான் நம்பல. ஆனா நடந்தது நிஜம். அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் இந்த ஏரிக்கு நட்ட நடுவுலதான் படுத்திருந்தேன், தாகத்தோட."